சிங்கப்பூர் – நியூயார்க்: திரும்பும்போது மட்டும் ஒரு மணி நேரம் கூடுவது ஏன்?

தேக்காவாசி:
நண்பர்களே, ஒரு கணக்கு இடிக்கிறது. சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடி விமானம் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். போகும்போது செவ்வாய் இரவு 11.35க்குக் கிளம்பி புதன் காலை 6.05க்கு இறங்குகிறது. நேர வித்தியாசம் 12 மணியைச் சேர்த்தால் பதினெட்டரை மணி நேரம். சரி. திரும்பும்போது செவ்வாய் இரவு 10.30க்குக் கிளம்பி வியாழன் காலை 6.10க்கு வருகிறது. அதே 12ஐக் கழித்தால் 19 மணி 40 நிமிடம்! தூரம் 15,350 கி.மீ. என்கிறார்கள். 900 கி.மீ. வேகத்துக்கு 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? வழியில் எங்காவது எண்ணெய் போட நிறுத்துவார்களோ? அம்மாவும் வருகிறார், முட்டிவலி. நடுவில் இறங்கி ஏறுவது அவரால் ஆகாது.

நூலும் உருண்டையும்:
தூரம் சரிதான், காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 மேற்கு. கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட எதிரெதிர். அதனால் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டியே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்குங்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் நூல் பிடித்தும் பார்க்கலாம்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்து வளைந்துதான் போகும். டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தி. 17 மணி பதினெட்டரை ஆவது இப்படித்தான். திரும்பும்போது எதிர்காற்று, அதற்கு இன்னொரு மணி.

ராத்திரி ஷிப்ட்:
எதிர்காற்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லண்டன் – நியூயார்க் என்றால் சரி, மேற்கே போக ஒரு மணி நேரம்போலக் கூடும். இங்கே இரண்டு ஊரும் உலகத்தின் இரண்டு பக்கம். போகும்போது பசிபிக் மேலே கிழக்கு நோக்கிப் போய், திரும்பும்போது அட்லாண்டிக் தாண்டி மறுபடியும் கிழக்கு நோக்கியே வரலாம். இரண்டு தடவையும் காற்று முதுகுப்பக்கம். போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று!

அண்ணே, நீங்கள் திரும்புவது நவம்பரிலா?

தேக்காவாசி:
ஆமாம். அக்டோபர் 20க்கு மேல் போய், நவம்பர் இரண்டாவது வாரம் திரும்புகிறோம். ஏன்?

ராத்திரி ஷிப்ட்:
அதுதான். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுவார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கமே இல்லை. அப்புறம் மார்ச் இரண்டாவது ஞாயிறுவரை வித்தியாசம் 13 மணி. செவ்வாய் இரவிலிருந்து வியாழன் காலைவரை 31 மணி 40 நிமிடம். அதில் 13ஐக் கழியுங்கள்.

தேக்காவாசி:
18 மணி 40 நிமிடம்! மூன்று நாளாக மண்டையைக் குடைந்தது. டிக்கெட்டிலும் இப்போதுதான் பார்க்கிறேன், நிறுத்தங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறது.

நூலும் உருண்டையும்:
நானும் தேதியைக் கேட்காமல் காற்றின்மேல் பழி போட்டுவிட்டேன். அம்மாவுக்கு நடைவழி ஓரத்து இருக்கையாக இப்போதே வாங்கி வையுங்கள். சக்கர நாற்காலியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேக்காவாசி:
சொன்னேன். நடுவில் எங்கும் நிற்காது என்றதும், “அப்படியா? நின்றால் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று பார்த்தேன்” என்கிறார்.