ஜிம்மி ஜார்ஜ் மாதிரி தாவ ஆசைப்படும் நம்ம ஊர்ப் பசங்களுக்கு

ஊத்தங்கரையிலிருந்து:
பொங்கல் வாலிபால் டோர்னமெண்டில் எவனாவது எகிறி ஸ்மாஷ் அடித்தால், பெரியவர்கள் வாயில் இன்னமும் ஜிம்மி ஜார்ஜ் பேர்தான் வருகிறது. இந்திய வாலிபால் ஆட்டக்காரர், கேரளத்தில் கண்ணூர் பேராவூர்க்காரர், 1955-ல் பிறந்தவர். 21 வயதில் அர்ஜுனா விருது. 1979-ல் அபுதாபி கிளப், 1982-லிருந்து இத்தாலி. 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இருந்தார். அடுத்த வருடமே நவம்பர் 30-ல் இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார், வயது 32. மோந்திகியாரி ஊரில் உள்ளரங்கத்துக்கே அவர் பேர். வேற்று நாட்டு ஆட்டக்காரருக்கு அந்த மரியாதை லேசில் கிடைக்காது.

பாலக்கோட்டிலிருந்து:
அண்ணா, உயரத்தை மட்டும் பேசினால் பசங்க சும்மா குதித்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்மாஷுக்குத் தாவுமுன் எடுக்கும் மூன்றடி ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். வலதுகைக்காரனுக்கு இடது, வலது, இடது. முதல் அடி சின்னது, நிதானம். இரண்டாவது நீளம், குதிகால் முதலில் ஊன்றணும். அப்போதே இரண்டு கையும் பின்னால் போயிருக்கணும். மூன்றாவது அடியில் கால் சட்டென்று முன்னால் வந்து, பாதம் லேசாக உள்பக்கம் திரும்பணும். அதுதான் முன்னே ஓடும் வேகத்தை மேலே திருப்புகிறது. அது திரும்பாவிட்டால் நெட்டில் மோதுவான்.

பெரும்பாலும் கெடுவது நேரம். செட்டர், அதாவது அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், கையிலிருந்து பந்தை விட்டதும் பசங்க கிளம்பிவிடுகிறார்கள். பந்து தலைக்குப் பின்னால் மாட்டுகிறது, முழங்கை மடங்குகிறது, அடி நெட்டுக்குள் போகிறது. செட்டர் உயரமாகத் தூக்கிக் கொடுத்தால் பந்து உச்சிக்குப் போகும்வரை நிற்கணும்.

தருமபுரியிலிருந்து:
நெட்டையும் பாருங்கள். ஆண்களுக்கு 2.43 மீட்டர், நடுவில் குச்சி வைத்து அளக்கணும். இரு ஓரமும் ஒரே உயரம், நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக்கூடாது. கயிறு தொய்ந்த நெட்டில் பழகினவன் மாவட்டத் தேர்வுக்குப் போனால் பந்து மேல்பட்டையில் அடிக்கிறது. அவன் தாவல் குறையவில்லை, அவனுக்குப் பழக்கின அளவுதான் தப்பு.

நம்ம செம்மண் தரை வெயிலில் கல்லாக இறுகிவிடும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, சரளை பொறுக்கி, உருளை ஓட்டுங்கள். இறங்கும்போது இரண்டு காலும் சேர்ந்து, முட்டி மடங்கி இறங்கணும். இடது காலில் மட்டும் இறங்குகிறவனுக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி வரும். வலி வந்தபின் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடவிடாதீர்கள், தாவலை நிறுத்துங்கள். முழு ஓட்டத் தாவல் வாரம் மூன்று நாள் போதும்.

ஓசூரிலிருந்து:
ஒன்று விட்டுப்போச்சு. ஜிம்மி ஜார்ஜ் காலத்தில் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தெடுக்க மட்டும் நிற்கும் ஆட்டக்காரர், கிடையாது, அது 1998-ல்தான் வந்தது. அப்போது சர்வ் பண்ணும் அணிக்கு மட்டுமே புள்ளி, ஒரு செட்டுக்கு 15 புள்ளி. ஸ்மாஷ் ஆட்டக்காரனும் பின்வரிசைக்கு வந்து பந்தெடுத்தே ஆகணும். இப்போது பசங்க நெட்டுக்கிட்டேயே நிற்கிறார்கள். பயிற்சியில் பாதி நேரம் ரிசீவ், அதாவது எதிரணி அனுப்பும் பந்தை எடுப்பது, வையுங்கள்: இரண்டு முன்னங்கையும் சேர்த்து, முழங்கை நீட்டி, பந்து வருமுன் காலை நகர்த்தி. கையை வீசினால் பந்து பின்னால் பறக்கும். தோளிலிருந்து லேசாகத் தள்ளினாலே செட்டர் தலைக்கு மேல் போய் நிற்கும்.