உழவு நிற்காத பண்ணையில் விழாக்கூடம்: எங்கள் அனுபவம்

பயிரும் மாடும் இருக்கிற பண்ணைகளில் விழாக்கூடம் அமைக்கும் கட்டுமான வேலையில் இருக்கிறேன். இதில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

போகிற இடமெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்: பழைய களஞ்சியத்தின் குறுக்கு விட்டங்களை எடுத்துவிட்டால் முகடு வரை திறந்து, கூடம் பெரிதாகத் தெரியுமே? தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள். கூரைப் பாரம் கைமரம் வழியே இறங்கும்போது சுவரின் தலையை வெளியே தள்ளும். இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்திருப்பது அந்த விட்டம்தான். ஒரு பண்ணையில், உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டி உள்ளே வருவதற்காக எப்போதோ ஒரு விட்டத்தை அறுத்திருந்தார்கள். வெளிப்பக்கம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். மேலே சுவரை உரசிய நூல், அடியில் நாலு விரற்கடை விலகி நின்றது. அந்த இடத்தில் எஃகுக் கம்பியைக் குறுக்கே கொடுத்து, நடுவில் திருகு வைத்து முறுக்கிய பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டோம். கம்பி மெல்லியது, அண்ணாந்து தேடினால்தான் தெரியும்.

வைக்கோல் பரணும் அப்படித்தான். "டன் கணக்கில் தாங்கியதே" என்பார்கள். வைக்கோல் அசையாமல் கிடக்கும், ஆடுகிற கூட்டம் தாளத்துக்குத் தளத்தை உலுக்கும். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 200 கிலோ எடை) தாங்கினால் போதும் என்கிற கட்டட விதிகள்கூட, கூட்டம் கூடும் தளத்துக்குச் சுமார் 5 கேட்கின்றன. பரணில் விளக்குகளை மட்டும் வைத்துவிட்டு ஆட்களைக் கீழேயே நிறுத்துவது நல்லது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியம் மாடு. மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். விழாவும் மாலையில், கறவையும் மாலையில். அதனால் கூடத்தின் வாசலைத் தொழுவத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, பண்டக அறையையும் கழிப்பறைகளையும் நடுவில் தடுப்பாக நிறுத்துவோம். டிராக்டர் வழியும் விருந்தினர் வழியும் ஓரிடத்திலும் குறுக்கிடக் கூடாது. இது அமையாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

—

சார், மாட்டு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பண்ணைக்காரன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

பழைய தொழுவம் ஒன்றைச் சாப்பாட்டுக் கூடமாக்கினோம். கழுவிய நீர் ஓடத் தரை சாய்வாகப் போட்டது, மேசை எதுவும் நேராக நிற்கவில்லை. சாய்வை உடைக்காமல் மேலே மரத்தளம் அடித்தார் எங்கள் கட்டடக் கலைஞர். அடியில் பழைய வடிகால் அப்படியே இருக்கிறது, தளம் கழுவுவது இன்றும் சுலபம். செப்டிக் டேங்கைத் தனியாகவே கட்டுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய தொட்டியில் ஒரே மாலையில் இருநூறு பேர் உபயோகித்தால் கசடு தங்காமல் உறிஞ்சுகுழிக்குப் போய் அடைத்துவிடும்.

சாணக்கரைசல் குழியை விழா இல்லாத நாளில் மட்டும் கலக்குகிறோம். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளையே சாய்த்துவிடும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. கூடத்துக்குக் கோடு போடும் முன்பே அந்தக் குழியையும் காற்று வீசும் திசையையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.