புதுப்பிப்பு: டெரிஜியமா, கண் மேற்பரப்புக் கட்டியா? விடை தெரிந்தது

கருவிழி ஓரத்தில் வெள்ளைப் படிவோடு இருந்த சதை வளர்ச்சி டெரிஜியமா (வெண்விழியிலிருந்து கருவிழி மேல் படரும், புற்றல்லாத சதை), செதிள் செல் கட்டியா (கண் மேற்பரப்பின் தட்டையான செல்களில் எழும், புற்றாகக்கூடிய கட்டி) என்று கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது முன்கண் ஓசிடி (கண்ணின் முன்பகுதியை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) யோசனைதான். டெரிஜியத்தில் எபிதீலியம் (மேற்பரப்புச் செல் அடுக்கு) மெல்லியதாகவே இருக்கும். தடிப்பு அதற்கு அடியில். இங்கே எபிதீலியமே தடித்து வெளேரென ஒளிர்ந்தது, இயல்பான பகுதியை ஒட்டிச் சட்டென்று மாறியது. சுற்றி 4 மி.மீ. இயல்பான திசு விளிம்போடு, கட்டியைத் தொடாமல் அகற்றி, கன்ஜங்டிவா (வெண்விழியை மூடும் சவ்வு) விளிம்பில் இருமுறை கிரையோ (உறையவைக்கும் சிகிச்சை). பயாப்ஸி முடிவு: அடித்தளச் சவ்வைத் (எபிதீலியத்தின் அடியிலுள்ள மெல்லிய படலம்) தாண்டாத செதிள் செல் புற்று.

எதிர்பாராதது, முன்பு எடுத்த ஒற்றுத்தாள் செல் பரிசோதனை (மேற்பரப்பில் தாளை ஒற்றி, ஒட்டிவரும் செல்களைப் பார்ப்பது) 'இயல்பு' என்று வந்ததுதான். மேலே கெரட்டின் (கடினப் புரதப் படிவு) மூடியிருந்தால் தாளில் ஒட்டுவதும் அதுவே. அந்த முடிவை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: வெட்டிய திசுவை நேரே ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் சுருண்டுவிடும், விளிம்பில் கட்டி மிச்சமிருக்கிறதா என்று படிக்க முடியாது. வடிதாளில் விரித்து, திசை குறித்து, திசு தாளில் ஒட்டிய பிறகு போடவும்.