நெதர்லாந்து வட்டாரப் பேருந்துகள்: உரிமை யாருடையது, நஷ்டம் யார் தலையில்?

கேள்வி

நெதர்லாந்தில் டிசம்பர் வந்தால் சில ஊர்களில் பேருந்துக் கம்பெனியே மாறிவிடுகிறது. வண்டி புதுசு, பெயர் புதுசு, ஓட்டுநர்கள் மட்டும் பழைய ஆட்களே. இது பெர்மிட்டா, காண்ட்ராக்டா? ரூட்டும் டைமிங்கும் யார் போடுகிறார்கள்? கலெக்‌ஷன் குறைந்தால் நஷ்டம் யாருக்கு?

பதில் 1

பெர்மிட் இல்லை. அங்கே இதைக் ‘கன்செஷன்’ என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மாணவர் சலுகைக் கட்டணம்தான் ஞாபகம் வரும். இது ஒரு வட்டாரம் முழுவதற்குமான தனி இயக்க உரிமை. காலம் முடியும்வரை அந்த எல்லைக்குள் வேறு கம்பெனி போட்டிக்கு வண்டி விட முடியாது.

2001-இல் அமலுக்கு வந்த பயணிகள் போக்குவரத்துச் சட்டம்தான் அடிப்படை. உரிமை கொடுப்பவை 12 மாகாணங்களும், ஆம்ஸ்டர்டாம் வட்டாரம், ராட்டர்டாம்–ஹேக் வட்டாரம் என்ற இரண்டு அமைப்புகளும். பெரும்பாலும் டெண்டர். ஆம்ஸ்டர்டாமின் ஜிவிபி, ராட்டர்டாமின் ஆர்இடி, ஹேக்கின் எச்டிஎம் மூன்றும் நகரங்களின் சொந்த நிறுவனங்கள் என்பதால் டெண்டர் இல்லாமல் நேரடியாகவே பெற முடியும்.

கால வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1370/2007 விதிப்படி: பேருந்துக்கு 10 ஆண்டு, ரயிலுக்கு 15. கம்பெனி பெரிய முதலீடு போட்டால் அதிகபட்சம் பாதிக் காலம் கூட்டலாம். லிம்பர்க் மாகாணம் பேருந்தையும் வட்டார ரயிலையும் ஒரே உரிமையாகச் சேர்த்து 2016 டிசம்பரிலிருந்து 15 ஆண்டுக்கு அரிவா என்ற கம்பெனியிடம் கொடுத்திருக்கிறது.

நஷ்டம் யாருக்கு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பல இடங்களில் டிக்கெட் காசு கம்பெனிக்கு, மாகாணம் மேலே மானியம் தரும். கூட்டம் குறைந்தால் அடி கம்பெனிக்கு. அப்போது முதலில் கத்தி விழுவது இரவு டிரிப்பிலும் ஞாயிறு டிரிப்பிலும். குரோனிங்கன், டிரெந்தே மாகாணங்களில் தலைகீழ்: அரசு அலுவலகமே ரூட்டை வகுக்கிறது, வசூலும் அதற்கே, க்யூபஸ் என்ற கம்பெனி ஓட்டித் தருகிறது. இந்த முறையில் ஓட்டுபவருக்கு ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே நேரம் தவறினால் அபராதம், பயணிகள் திருப்திக்கு ஊக்கத்தொகை என்று எழுதியே ஆக வேண்டும். ஊருக்கு நல்லது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. ஆனால் ரூட் வலைப்பின்னல் வகுக்கத் தெரிந்த ஆட்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். டெண்டரில் விலை பேசுவது பெரும்பாலும் கிலோமீட்டரில் அல்ல, ‘அட்டவணை மணி’யில். முதல் நிறுத்தத்தில் கிளம்பி கடைசி நிறுத்தம் சேரும்வரை உள்ள நேரம் மட்டுமே கணக்கு. டிப்போவிலிருந்து காலியாக வருவதும் முனையில் காத்திருப்பதும் சேராது. அந்தச் செலவை மணி விலைக்குள்ளேயே அடக்க வேண்டும்.

கோட்டை விடும் இடம் வேகம். ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் 1,00,000 மணியில் 1,50,000 டிரிப் கிடைக்கும். நெரிசலில் 45 நிமிடம் ஆனால் 1,33,333 தான். வண்டியும் கூடும்: 40 நிமிட ஓட்டத்தில் இரு முனையிலும் தலா 5 நிமிடம் நிறுத்தினால் ஒரு சுற்று 90 நிமிடம், 15 நிமிடத்துக்கு ஒன்று விட 6 வண்டி. 45 நிமிட ஓட்டத்தில் சுற்று 100 நிமிடம் ஆனால் 7 வண்டி, கூடவே ஓட்டுநர்களும். பேருந்துத் தடத்துக்கும் சிக்னலுக்கும் பொறுப்பு நகராட்சி; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது மாகாணம். பிரச்சினை இந்த இடைவெளியில்தான்.

கேட்டவர்

அப்படியானால் ஓட்டுநர்கள் மாறாதது எப்படி?

பதில் 3

சட்டம் அப்படி. உரிமை கை மாறினால் அந்த வட்டாரத்து ஊழியர்கள் அதே பணி நிபந்தனைகளோடு புதுக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அலுவலக ஊழியர்களில் மட்டும் விகிதாசாரப்படி ஒரு பகுதி.

வண்டியும் டிப்போவும் தானாக மாறாது. டீசல் காலத்தில் புதுசு வாங்கிவிடலாம். இப்போது சார்ஜரும் மின் இணைப்பும் வேண்டும், பல இடங்களில் மின்வலையில் இடமே இல்லை. எனவே டெண்டர் ஆவணத்தில் சார்ஜரும் நிலமும் யார் பெயரில், கடைசி நாளில் என்ன விலைக்குக் கை மாறும் என்ற பிரிவை முதலில் படியுங்கள். அது இல்லாவிட்டால் பழைய கம்பெனிக்கே டெண்டரில் கை ஓங்கும்.