இப்போதே 500-ஆ, பொறுத்தால் 1000-ஆ: வகுப்பில் எப்படி அளப்பது?

மன்னை டீச்சர்:
அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும், பணத்துக்காக யார் எவ்வளவு பொறுப்பார்கள் என்று ஒப்பிட வேண்டும். "இப்போது 500 ரூபாயா, ஆறு மாதம் கழித்து 1000-ஆ?" என்று ஒரே கேள்வி கேட்டால் பாதிப்பேர் இப்படி, பாதிப்பேர் அப்படி. எண்ணாக எடுக்க வழி உண்டா? பிள்ளைகளுக்கு மூளை வளரவில்லை என்று சார்ட்டில் எழுதலாமா?

அரசலாறு:
ஒரு கேள்வி போதாது டீச்சர். தள்ளிக் கிடைப்பதை 1000-இலேயே நிறுத்துங்கள். இப்போதைய தொகையை 500-இல் தொடங்கி, "இப்போதே" என்றால் 250 குறையுங்கள், "பொறுக்கிறேன்" என்றால் 250 கூட்டுங்கள். அடுத்து 125, 60, 30. ஐந்தாவது கேள்வியில் வந்து நிற்கும் தொகைதான் அந்தப் பிள்ளைக்கு 1000-க்குச் சமம். இதையே 1 வாரம், 1 மாதம், 6 மாதம், 1 வருடம் என நான்கு தவணைக்குக் கேளுங்கள்.

1000-ஐ அந்தத் தொகையால் வகுத்து, 1 கழித்து, நாட்களால் வகுத்தால் கே எண், அதாவது அவசரத்தின் அளவு; அது பெரிதானால் அவசரம் அதிகம். 30 நாளுக்கு 400 என்றால் 2.5, கழித்தால் 1.5, கே 0.05. ஒன்றை 0.05-ஆல் வகுத்தால் 20. அதாவது 20 நாளில் ஆயிரம் ரூபாய் அவன் மனசில் ஐந்நூறாகிவிடுகிறது. 1987-இல் உளவியலாளர் மசூர் தந்த சூத்திரம் இது. குழுவுக்குச் சராசரி போடாதீர்கள், ஓரிரண்டு பெரிய கே எல்லாவற்றையும் இழுத்துவிடும், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுங்கள்.

கை தூக்கச் சொல்லவே கூடாது. பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் தூக்குவார்கள். தனித்தனிச் சீட்டு. தவணை நீளும்போது சமத்தொகை முந்தைய தவணையைவிட 200 ரூபாய்க்கு மேல் ஏறினால் அந்தப் பிள்ளை கேள்வியைப் படிக்கவில்லை. அந்தச் சீட்டைத் தனியே வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
"வளரவில்லை" வேண்டாம். உளவியலாளர் ஸ்டைன்பெர்க்கின் குழு 2009-இல் 10 முதல் 30 வயது வரை 935 பேரிடம் பார்த்ததில் 13 வயதும் அதற்குக் கீழும்தான் அவசரம் அதிகம். 16-க்கு மேல் வயது வித்தியாசம் பெரிதாக இல்லை. உங்கள் பிள்ளைகள் 14, நட்டநடுவில். ஏழாம் வகுப்பையும் சேர்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

பிள்ளைகளுக்கு ஆசை அதிகம் என்று எழுதினாலும் சரியில்லை. 2015-இல் வான் டென் போஸ் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. வளரிளம் பருவத்தினர் இன்றைய இன்பத்தை அதிகம் நாடவில்லை; நாளையைக் குறைவாக நினைத்தார்கள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கும், பரிசை எடைபோடும் ஸ்ட்ரியேட்டத்துக்கும் இடையிலான நரம்புப் பாதை வயதோடு வலுப்பட, பொறுமையும் கூடுகிறது. சார்ட்டில் "பாதை இன்னும் பலப்படுகிறது" என்று போடுங்கள்.

குடமுருட்டி:
பெற்றோர் பக்கம்தான் சிக்கல். ஜூன், ஜூலையில் கேட்டால் குறுவை நடவுக்கூலி, உரம் என்று கை வறண்டிருக்கும், "இப்போதே" என்பார்கள். சம்பா அறுத்து நெல் பணம் வந்த பிறகு கேட்டால் அதே ஆள் பொறுப்பார். அது மூளை இல்லை, மடி. எல்லாரிடமும் ஒரே வாரத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, நம்பிக்கை. களத்திலேயே வியாபாரிக்குக் குறைத்துக் கொடுப்பவரை அவசரக்காரர் என்போம். கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுக் காத்திருக்கையில் மழை பிடித்து ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பணம் கைக்கு வருமா என்ற சந்தேகமும் கே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். "பணம் நிச்சயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வரியைச் சீட்டின் தலைப்பிலேயே அச்சடியுங்கள். நகைக்கடன் இருக்கிறதா என்றும் ஒரு கட்டம் வையுங்கள்; வட்டி கட்டுபவர் மனக்கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வார்.

மன்னை டீச்சர்:
ஏழாம் வகுப்பைச் சேர்த்துவிட்டேன். "6 மாதம் கழித்து" என்பதற்குப் பதிலாகத் தேதி போடலாமா?

அரசலாறு:
தேதி போட்டால் எல்லாரும் கொஞ்சம் பொறுமைசாலி ஆகிவிடுவார்கள், அது தெரிந்த விளைவு. எதைப் போட்டாலும் மூன்று குழுவுக்கும் அதையே போடுங்கள். பொங்கலையோ தீபாவளியையோ ஒட்டிய தேதி மட்டும் வேண்டாம்.