மெசூசாவைச் சாய்வாக அடிப்பது ஏன்?

நிலைக்கால்:
யூதர் வீட்டு வாசல் நிலைகளில் விரல் நீளப் பெட்டி ஒன்று சாய்வாக அடித்திருக்கும். சில வீடுகளில் நேராக இருக்கும். பைபிளின் உபாகம நூலில் வசனங்களை நிலையில் எழுதச் சொல்லியிருக்கிறதே தவிர சாய்வு பற்றிப் பேச்சே இல்லை. எது சரி? உள்ளே என்ன இருக்கிறது? கண்ணேறு படாமலிருக்க வைக்கும் காப்பா?

தோற்சுருள்:
பெட்டி வெறும் உறை. உள்ளே இருக்கும் தோல் சுருள்தான் மெசூசா. அதில் உபாகமம் 6:4-9, 11:13-21 ஆகிய இரு பகுதிகள், மொத்தம் 713 எழுத்துகள், வழக்கமாக 22 வரிகளில் இருக்கும். உண்ணத் தகுந்த விலங்கின் தோலில் கோடு கீறி, இறகாலோ நாணலாலோ, கறுப்பு மையில் கையால் எழுத வேண்டும். அதற்கென்றே பயின்ற எழுத்தர் சோஃபேர். அழகான பெட்டிக்குள் அச்சடித்த காகிதத்தைச் சுருட்டி விற்கிறார்களே, அது செல்லாது.

எழுத்துகள் வரிசை மாறாமல் விழ வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் பிறகு செருக முடியாது. அதற்குப் பின் எழுதிய அத்தனையையும் சுரண்டிவிட்டுத் தொடரலாம்தான், ஆனால் அந்தப் பகுதியில் கடவுளின் பெயர் இருந்தால் அதை அழிக்கக் கூடாது. ஆகவே பெரும்பாலும் அந்தத் தோல் வீண். இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, உரு மட்டும் கெடாமலிருந்தால் ஒட்டிய இடத்தைச் சுரண்டிப் பிரித்துவிடலாம்.

சாய்வுக்கோணம்:
சாய்வு ஒரு சமரசம். பிரான்ஸின் யூத அறிஞர் ராஷி (இறப்பு 1105) நேராக நிற்க வேண்டும் என்றார். அவர் பேரன் ரப்பேனு தாம் படுக்கையாக இருப்பதே முறை என்றார். 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகர யூதச் சட்ட அறிஞர் மோஷே இசர்லெஸ், இருவர் சொல்லும் விட்டுப்போகாமல் சாய்த்து வைப்பதை ஆதரித்தார். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாசிகள் அதைப் பின்பற்றுகிறார்கள். அதே காலத்துச் சட்ட அறிஞர் யோசேப் காரோ நேராகவே வைக்கச் சொன்னதால் ஸ்பெயின் வழி யூதர்களான செபார்டிகள் வீட்டில் நேராக இருக்கும். இரண்டும் சரிதான். சாய்த்தால் மேல்முனை அறைக்குள் பார்த்திருக்க வேண்டும். நிலை ஒடுக்கமாக இருந்தால் அஷ்கெனாசிகளும் நேராகத்தான் அடிப்பார்கள்.

அடிக்கும் இடம்: உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம், உயரத்தின் மேல் மூன்றிலொரு பங்கு தொடங்கும் இடம். 210 செ.மீ. வாசல் என்றால் தரையிலிருந்து 140 செ.மீ. நிலையின் வெளி விளிம்பிலிருந்து ஒரு கையகலத்துக்குள், அதாவது சுமார் 8 செ.மீ.க்குள். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கதவில்தான் எல்லோரும் குழம்புவார்கள்: கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அதை உள்ளறையாகக் கொள்வது வழக்கம். கழிவறைக்கு வேண்டாம்.

மேலே மட்டும் ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள், கீழ் முனையும் அசையக் கூடாது. ஆணி சுருளைத் துளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரையாடி:
காப்பா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வெளி விளிம்பில் ஏன் என்பதற்கு யூதரின் பழைய சட்ட நூலான தல்மூதே இரண்டு காரணம் தருகிறது: நுழைந்ததும் கட்டளையைச் சந்திக்க, வீட்டைக் காக்க. ஆகவே அந்த எண்ணம் பழையதுதான். ஆனால் சுருளுக்குள் தேவதூதர் பெயர்களை எழுதியவர்களை யூத அறிஞர் மைமோனிடிஸ் (இறப்பு 1204) கடுமையாகச் சாடினார்: கடவுளின் ஒருமையைச் சொல்லும் கட்டளையைத் தங்கள் நலனுக்கான தாயத்தாக்கிவிட்டார்களாம். சுருளின் வெளிப்புறம் கடவுளின் பெயர்களில் ஒன்றான 'ஷத்தாய்' என்று எழுதுவதை மட்டும் அவர் தடுக்கவில்லை.

நிலைக்கால்:
நன்றி. வாடகை வீட்டுக்கும் உண்டா?

தோற்சுருள்:
உண்டு. இஸ்ரேலில் குடிபுகுந்த உடனே, வெளிநாட்டில் 30 நாளுக்குள். காலி செய்யும்போது அடுத்து வருபவர் யூதர் என்றால் கழற்றக் கூடாது. ஏழு ஆண்டில் இருமுறை சுருளைச் சோதிக்க வேண்டும். வெயிலும் மழையும் படும் வெளிவாசலில் மை வெடித்து உதிரும், அங்கே இன்னும் அடிக்கடி பாருங்கள். பெட்டிக்குள் வைக்குமுன் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றினால் ஈரம் அவ்வளவாக ஏறாது.