மருத்துவ ஆய்வை நடத்த முதுநிலைப் பட்டம் வேண்டுமா?

மருதன்:

எங்கள் ஆய்வு மையத்தில் செவிலியராகச் சேர்ந்து, இப்போது ஒருங்கிணைப்பாளராக இருக்கும் தோழி ஒருவர், வேலையை விட்டுவிட்டு மருத்துவ ஆய்வு மேலாண்மையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கான காரணங்களை இங்கே வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மறுக்கலாம்.

ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டும்போது நோயாளி தலையசைப்பது புரிந்ததாலா, மருத்துவரிடம் மறுப்புச் சொல்லத் தயங்குவதாலா என்று கண்டுகொள்வதும், ஆய்வு மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை விடுமுறை நாளில் ஏறிவிட்டால் அந்த மருந்தைத் தனியே ஒதுக்கி, ஸ்பான்சரின், அதாவது ஆய்வுக்குப் பொறுப்பேற்று நடத்தும் நிறுவனத்தின், பதில் வரும்வரை எவருக்கும் கொடுக்காமல் காப்பதும், மூலப்பதிவில், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பில், இருப்பதுதான் கணினிப் படிவத்திலும் ஏறியிருக்கிறதா என்று ஸ்பான்சர் சார்பில் மையத்தைச் சரிபார்க்கும் மானிட்டர் வருவதற்கு முன்பே ஒத்துப் பார்ப்பதும், தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று கற்கும் வேலைகள். 11 ஆண்டுகளில் நான் பார்த்த சிறந்த ஒருங்கிணைப்பாளர்களில் பலர் ஜி.சி.பி. என்னும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சி முடித்து, ஒரு மூத்தவரிடம் ஒழுங்காகப் பழகியவர்கள், அவ்வளவுதான். பட்டத்தைக் கட்டாயமாக்கினால், செவிலியர்களும் ஆய்வகத் தொழில்நுட்பர்களும் மேலே வரும் ஒரே வழி அடைபடும். என் கவலை அதுதான்.

நிலமங்கை:

நான் பல ஆண்டுகள் ஆய்வுகளை நடத்திவிட்டு, இப்போது அத்தகைய முதுநிலைப் படிப்பு ஒன்றில் கற்பிக்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

மருதன் அவர்கள் சொன்ன திறமைகள் எவையும் வகுப்பறையில் முழுமையாக வாரா என்பதை ஏற்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்று கற்பவர், பக்கத்தில் இருப்பவரின் பிழையையும் சேர்த்தே கற்கிறார். ஸ்பெயினில் மத்தியதரைக்கடல் பகுதி உணவுமுறையைப் பற்றி 7,447 பேரிடம் நடத்தப்பட்ட பிரெடிமெட் ஆய்வை நினைத்துப் பாருங்கள். 2013இல் வெளியான அந்தக் கட்டுரை 2018இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்ட பகுப்பாய்வுடன் மறுபடி வெளியிடப்பட்டது. ஒவ்வொருவரையும் குலுக்கல் முறையில் தனித்தனியே குழுக்களில் ஒதுக்க வேண்டியிருக்க, ஒரு மையத்தில் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு வருவோர் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட்டார்கள். தனக்குக் கிடைக்காத ஆலிவ் எண்ணெய் அண்டை வீட்டாருக்கு இலவசமாகக் கிடைக்கிறதே என்று பங்கேற்பாளர்கள் குறைப்பட்டதால், அதைத் தீர்க்கும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட மாற்றம் அது. வேறு மையங்களில், ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவர்களை முதலாமவரின் குழுவிலேயே சேர்த்ததும் நடந்தது. தனியாள் ஒதுக்கீடு குலைந்தால், பிற்பாடு கணக்கிடப்படும் ஒவ்வோர் எண்ணின் பொருளும் மாறிவிடும் என்பது அந்த முடிவை எடுத்தவருக்குத் தோன்றவில்லை. சில மணி நேர ஜி.சி.பி. பயிற்சி விதியைச் சொல்லும். அந்த விதி ஏன் பிறந்தது என்பதை மனத்தில் ஊன்ற அதற்கு நேரம் போதாது.

மருதன்:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது என் பக்கம் நிற்பதாகவே நான் காண்கிறேன். அந்த மாற்றத்தைச் செய்தவர் படிக்காத ஒருங்கிணைப்பாளர் அல்லர், ஓர் ஆய்வாளர். ஆய்வின் தலைமைக்கு அவர் அதைத் தெரிவிக்கவும் இல்லை. 2017இல் ஜான் கார்லைல் என்ற மயக்கவியல் மருத்துவர், ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் தொடக்கநிலைத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் சோதித்தபோதுதான் ஐயம் எழுந்தது. அதாவது, கட்டுரை வெளியாகி நான்கு ஆண்டுகள் கழித்து. அந்த மையத்துக்கு ஒழுங்காகச் சென்று, ஒதுக்கீட்டுப் பட்டியலையும் சேர்க்கைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்த மானிட்டர் ஒருவர் இருந்திருந்தால், ஒரே ஊர்க்காரர்கள் அனைவரும் ஒரே குழுவில் இருப்பது கண்ணில் பட்டிருக்கும். குறை மேற்பார்வையில் இருந்தது, பட்டத்தில் இல்லை.

செழியன்:

நான் தரவு மேலாண்மைப் பிரிவில் இருக்கிறேன். ஒதுக்கீட்டுப் பட்டியலையும் சேர்க்கைப் பதிவேட்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று மருதன் சொல்கிறார். எதை ஒத்துப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதற்குத்தானே படிப்பு வேண்டியிருக்கிறது? எல்லாவற்றையும் நூறு விழுக்காடு சரிபார்த்த பழக்கத்தில், மானிட்டர்கள் பிறந்த தேதியையும் உயரத்தையும் திருத்துவதிலேயே நாள் முழுவதையும் செலவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு 1996இல் வெளியிட்ட ஜி.சி.பி. வழிகாட்டியின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 2025இல் வந்த மூன்றாம் பதிப்பும் இடருக்கு ஏற்ற அளவில் கண்காணிக்கச் சொல்கின்றன. பங்கேற்பாளரின் பாதுகாப்பையும் முடிவின் நம்பகத்தையும் தொடுபவை எவை என்று ஒவ்வோர் ஆய்விலும் புதிதாகச் சிந்தித்தால்தான் அது முடியும்.

2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு அப்படிச் சிந்தித்தவர்களின் வேலை. மார்ச்சில் தொடங்கி ஜூனில், 6,425 பேரின் ஒப்பீட்டைக் கொண்டு, டெக்ஸாமெதாசோன் உயிர்வாயுவோ செயற்கைச் சுவாசமோ தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளிடையே இறப்பைக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். நோயாளி வீடு திரும்பும்போதோ, இறந்தாலோ, அல்லது 28ஆம் நாளிலோ, எது முன்னதோ அப்போது நிரப்பும் ஒரே ஒரு தொடர்கவனிப்புப் படிவம். நெருக்கடியில் இருந்த மருத்துவமனைப் பணியாளர்களால் அதைத் தாங்க முடிந்தது. எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிந்தவர்களால்தான் அப்படியொரு படிவத்தை எழுத முடியும்.

தாமரை:

நான் ஆய்வுச் செவிலியர். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக இந்த முதுநிலைப் படிப்பை முடித்தவள். இரண்டு பக்கமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் நிலமங்கை அவர்களிடம் சொல்ல வேண்டியதே அதிகம்.

படிப்பு எனக்குக் கொடுத்ததை மறைக்க மாட்டேன். மாதிரி எண்ணிக்கை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று புரிந்த பிறகுதான், இடையில் விலகிப்போன ஒவ்வொரு பங்கேற்பாளரும் ஆய்வுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று உணர்ந்தேன். வரவுசெலவுத் திட்டம் எழுதக் கற்றதால், தகுதி பார்த்துத் தேறாமல் போனவர்களுக்கான செலவைக் கேட்டு வாங்க முடிந்தது. அதற்கு முன் எங்கள் மையம் அந்தச் செலவைத் தானே சுமந்துவந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில், ஒப்புதல் வாங்கும் உரையாடலை நான் நடத்துவதை ஓர் ஆசிரியர்கூட நேரில் பார்க்கவில்லை. எல்லாம் கட்டுரைகள். என்னுடன் படித்த சிலர் நோயாளி ஒருவரையும் சந்திக்காமலே பட்டம் பெற்று, நேராக மேலாளர்களாகப் போனார்கள். இரவில் ஒரு குடும்பம் தொலைபேசியில் அழைத்து, ஆய்வில் இருப்பவர் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று சொல்லும்போது, முதலில் அவரது சிகிச்சை, அடுத்து, ஆய்வில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அவர் பெற்றது எந்த மருந்து என்ற விவரத்தை மருத்துவருக்குத் திறந்து காட்ட வேண்டுமா என்ற முடிவு, அதன் பிறகே அறிக்கை என்ற வரிசை அவர்களுக்கு உடலில் ஊறியிருக்கவில்லை. எதிர்பாராத, மருந்தோடு தொடர்புடைய உயிராபத்து என்றால் ஒழுங்குமுறை அமைப்புக்கு 7 நாளில், மற்றக் கடும் விளைவுகளுக்கு 15 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தேர்வில் பிழையின்றி எழுதியவர்கள்தான் அவர்கள்.

நிலமங்கை:

தாமரை அவர்கள் சொல்வது என் நெஞ்சில் தைக்கிறது. நேரடிப் பயிற்சி இல்லாமல் வழங்கப்படும் பட்டத்துக்காக நான் வாதாடவில்லை. அதை நிறுத்த வேண்டும் என்றே சொல்வேன்.

ஆயினும் மேற்பார்வை இருந்தால் போதும் என்ற மருதன் அவர்களின் கருத்தை ஏற்க முடியவில்லை. 2006இல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தியபோது, மருந்து பெற்ற ஆறு ஆரோக்கியமான இளைஞர்களும் ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள். ஒருவருக்குச் செலுத்திய சுமார் 10 நிமிடத்தில் அடுத்தவருக்குச் செலுத்தினார்கள். முதலாமவருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கப் போதிய இடைவெளி விடவில்லை. இதை விதிமீறல் என்று சொல்ல முடியாது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது: அந்தக் குறுகிய இடைவெளி அங்கீகரிக்கப்பட்ட புரோட்டோகாலிலேயே, அதாவது ஆய்வின் எழுத்து வடிவச் செயல்திட்டத்திலேயே, இருந்தது. பதிவேடுகளை ஒத்துப் பார்க்கும் மிகச் சிறந்த மானிட்டரும் அங்கே எல்லாம் சரி என்றுதான் எழுதியிருப்பார். போதிய இடைவெளி விட்டு ஒவ்வொருவருக்காகச் செலுத்துவது அதன் பிறகுதான் வழிகாட்டிகளில் உறுதியானது. முதல் நாள் கூட்டத்தில் கைதூக்கி, ‘ஒருவரைப் பார்த்த பிறகு அடுத்தவருக்குக் கொடுக்கலாமே’ என்று கேட்கும் மேலாளரை உருவாக்குவதற்கே நான் வகுப்பறைக்குள் போனேன்.

மருதன்:

இந்த எடுத்துக்காட்டுக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. புரோட்டோகாலை மீறாமல் காப்பதையே நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். புரோட்டோகாலையே கேள்வி கேட்கும் பயிற்சியை நான் எந்த இளையவருக்கும் கொடுத்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலை விளம்பரத்தில் பட்டத்தை வாயிற்கதவாக வைப்பதை மட்டும் தொடர்ந்து எதிர்ப்பேன். ஆய்வுப் பணிகளுக்கான தகுதிகளை எட்டுத் துறைகளாக வகுத்த 2014ஆம் ஆண்டின் கூட்டுச் சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. வேலையில் இருப்பவரை அதைக் கொண்டு அளந்து, குறையுள்ள துறைக்கு மட்டும் படிக்க அனுப்பலாம். தோழியிடம் என் பதிலை மாற்றிச் சொல்லப் போகிறேன்: வேலையை விட வேண்டாம், பகுதிநேரமாகப் படிக்கலாம். சேர்வதற்கு முன் அவர் கேட்க வேண்டிய கேள்வியை உங்களிடமே கேட்கிறேன், நிலமங்கை. உங்கள் மாணவர் நோயாளியிடம் ஒப்புதல் பற்றிப் பேசுவதை நீங்கள் நேரில் பார்க்கிறீர்களா?

நிலமங்கை:

கடைசிப் பருவத்தில் ஒருமுறை மட்டும், அதுவும் நோயாளியாக நடிப்பவரிடம். உண்மையான ஆய்வு மையங்களில் மாணவரை உட்கார வைக்க அனுமதி கேட்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஒரு மையம்தான் இசைந்தது. உங்கள் மையம் இரண்டாவதாக இருக்க முடியுமா?